தூத்துக்குடியில் ஒரு வெள்ளைச் சுவர்

சுங்க அதிகாரி என் பெட்டியிலிருந்து மூன்று கண்ணாடிக் குப்பிகளை எடுத்து மேசைமேல் நிறுத்தினார். மூன்றிலும் வெள்ளைத் தூள். தலைமன்னாரிலிருந்து என்னோடு கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்த கூட்டம் முழுவதும் எனக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தது.

"என்னய்யா இது?"

"ரெண்டு குப்பியிலை சிப்பித் தூள். ஒண்டிலை இரசாயனச் சாமான்."

"எதுக்கு?"

"ஒரு பரிசுக்கு."

அவர் ஒரு குப்பியைத் திறந்து மோந்து பார்த்தார். "சுண்ணாம்பு மாதிரிதான் இருக்கு. வெத்தலைக்குப் போட்டுக்கலாமா?" என்று கேட்டார். சுடாத சிப்பி, வாய் சிவக்காது என்று சொன்னேன். அதைக் கேட்டதும் அவருக்கு அந்தத் தூளில் இருந்த ஆர்வம் போய்விட்டது. "சிலோன்னு சொல்றீங்க, பாஸ்போர்ட்டுல ஸ்ரீலங்கான்னு போட்டிருக்கு. எது சரி?" என்றார். இரண்டும் சரி, பெயர் மாறி இன்னும் வாய்க்குப் பழகவில்லை என்றேன். குப்பிகள் பெட்டிக்குள் திரும்பின.

எழுபதுகளின் நடுவில் நடந்த பயணம் இது. நான் கொழும்பில் இரசாயனம் படிப்பிக்கிற ஆள். தென்னிந்தியாவில் சில ஆசிரியர்கள் சேர்ந்து இளம் ஆய்வாளர்களின் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஒரு பரிசு கொடுத்துவந்தார்கள். அந்த வருடம் நிறமாலை ஆய்வுக்கு என்று முடிவாகி, நடுவர்களாக என்னையும் பம்பாயிலிருந்து ஒரு பேராசிரியரையும் போட்டார்கள். இருவரும் ஒத்துக்கொண்டால்தான் பரிசு. கடைசிக் கட்டத்தில், எழுதியதை மட்டும் நம்பாமல், ஆய்வாளரின் கூடத்துக்கே போய் ஒரு சோதனையைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்பது விதி.

எங்களுக்கு மிஞ்சியது ஒரே ஒரு ஆய்வு, தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கும் பிலோமினா என்ற பெண்ணுடையது. சிப்பியைத் தூளாக்கிக் கார்பன் குச்சியின் நுனிக் குழியில் வைத்து, மின்சாரத்தால் எரித்து, அந்த ஒளியைப் பிரித்துப் புகைப்படத் தகட்டில் பிடித்தால் ஒவ்வொரு உலோகத்துக்கும் அதனதன் கோடுகள் விழும். கடல் சிப்பியில் ஸ்ட்ரான்சியக் கோடு அழுத்தமாக இருக்கும். ஆற்று மட்டியில் மாங்கனீசின் மூன்று கோடுகள் ஒட்டி நிற்கும். இதை வைத்து எந்தச் சிப்பி எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று சொல்லலாம் என்பது அவளுடைய ஆய்வு. எனக்குப் பிடித்திருந்தது. பம்பாய்க்காரருக்குச் சந்தேகம். ஆகையால் நான் மூன்று குப்பிகள் கொண்டுபோனேன். ஒன்றில் மன்னார்க் கடலடிப் பாரில் எடுத்த முத்துச் சிப்பி, ஒன்றில் மகாவலி ஆற்று மட்டி, ஒன்றில் எந்த உலோகக் கலப்பும் இல்லாத சுத்தமான கால்சியம் கார்பனேட். எதில் எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

தூத்துக்குடிக்குப் பேருந்தில் போனேன். வேம்பாரைத் தாண்டியதும் எஞ்சின் ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. சாலையின் இரு பக்கமும் உப்புப் பாத்திகள். அத்தனை தண்ணீரிலும் ரேடியேட்டருக்கு ஆகாது என்று நடத்துநர் குடத்தை எடுத்துக்கொண்டு நல்ல தண்ணீர் தேடிப் போனார். நாங்கள் இறங்கி வெயிலில் நின்றோம். கருவாட்டுக் கூடையோடு வந்த ஒரு அம்மா நான் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சாருக்கு மலையாளமா?" என்றாள். தமிழ்தான் அம்மா, யாழ்ப்பாணத்துத் தமிழ் என்றேன். "அப்படியா? நல்லாத்தான் பேசுதீய" என்று எனக்கு நற்சான்று கொடுத்தாள்.

ஊர் வந்து சேர்ந்ததும் நான் செய்த முதல் காரியம், ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து சாம்பாரை மூன்று தடவை கேட்டு வாங்கியது. எங்கள் நாட்டில் அப்போது பருப்பு இறக்குமதிக்குத் தடை. பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, விடியற்காலையில் வரிசையில் நிற்கவேண்டும். இட்டலியைச் சாம்பாரில் மூழ்கடித்துத் தின்னும் மனிதர்களைப் பார்க்கும்போது, இவர்களுக்குத் தங்கள் அதிர்ஷ்டம் தெரியவில்லை என்று கோபம்கூட வந்தது. கடைக்காரர், "அண்ணாச்சி, இன்னொரு கரண்டி ஊத்தட்டா?" என்று கேட்டபோது கோபம் போய்விட்டது. பிறகு உடன்குடிக் கருப்பட்டி போட்ட காப்பி. எங்கள் தேயிலையைப் பற்றி நான் வெளியூரில் பெருமை பேசுகிறவன். அன்று பேசவில்லை.

பம்பாய்ப் பேராசிரியர் அதே விடுதியில் எனக்கு முன்பே வந்து இறங்கியிருந்தார். கறுப்புக் கோட்டு. வெயிலுக்கும் கழற்றமாட்டார். மீன் வாசனை ஜன்னல் வழியாக வருகிறது என்று ஜன்னலைச் சாத்திவிட்டு, புழுக்கமாக இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார். தயிர்ச்சாதம் தவிர வேறு எதையும் தொடவில்லை. சாலையோரம் கல்லில் பரோட்டாவை இரண்டு கையாலும் அடித்து நொறுக்குவதைப் பார்த்து, "இது சமையலா, சண்டையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒன்றை நம்பாவிட்டால் நம்பாதவர்.

"பழைய கருவி, சின்ன ஊர், ஒரே ஒரு பெண்," என்றார் அவர். "தகட்டில் தான் பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்திருக்கிறாள் என்றே நினைக்கிறேன். நாளை மூன்று குப்பியில் ஒன்றைத் தவறாகச் சொன்னாலும் பரிசுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன். பட்டத்தையே மறுபடி பரிசீலிக்கும்படி பல்கலைக்கழகத்துக்கும் எழுதுவேன்."

அதைச் செய்யக்கூடியவர்தான். எனக்கு மூன்றாவது கரண்டிச் சாம்பார் நெஞ்சில் நின்றது.

மறுநாள் குதிரை வண்டியில் கல்லூரிக்குப் போனோம். புதுத் துறைமுகத்துக்குச் சாமான் ஏற்றிய லாரிகள் ஒவ்வொன்றுக்கும் குதிரை மிரண்டு ஓரம் ஒதுங்கியது. கல்லூரி வாசலில் இறங்கியதும் கண் கூசியது. கட்டடம் முழுவதும் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். கல்யாண வீடு, திருவிழாக் கோயில், நடுவர்கள் வரும் கல்லூரி, எல்லாவற்றுக்கும் இந்த ஊரில் ஒரே மரியாதைதான் போலிருக்கிறது. முதல்வர் மாலையோடு நின்றார். அவர் பக்கத்தில் வெள்ளை ஜிப்பா போட்ட, நெஞ்சு அகன்ற ஒரு மனிதரும் நின்றார்.

"இவர் சவரிமுத்து. நம்ம பிலோமினாவோட அப்பா," என்றார் முதல்வர். "சுண்ணாம்புக் காளவாசல் வச்சிருக்காரு. மாதா கோயிலுக்கே இவர் சுண்ணாம்புதான். நீங்க வாறீங்கன்னு கேட்டதும் சும்மாவே அனுப்பிச்சாரு, ஆய்வுக்கூடம் உள்பட."

"அசல் முத்துச் சிப்பிச் சுண்ணாம்பு சார்," என்றார் சவரிமுத்து. "வேற ஒண்ணும் கிடையாது. இந்த வெள்ள வேற எதுலயும் வராது."

முதல்வர் அதைப் பேராசிரியருக்கு ஆங்கிலத்தில் சொன்னார். பேராசிரியர் தலையாட்டிக்கொண்டே சுவரோரமாக நடந்தார். கறுப்புக் கோட்டின் தோள் முழுதும் வெள்ளை அப்பிக்கொண்டது.

பிலோமினா ஆய்வுக்கூடத்தில் ஈரத் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புகைப்படத் தகடு வாங்க மதுரைக்குப் போய் அன்று காலைதான் திரும்பியிருக்கிறாள். அவள் இல்லாத நேரத்தில் சுவர், கூரை, ஜன்னல் விளிம்பு எல்லாம் வெள்ளையாகிவிட்டிருந்தது. எங்களுக்கு வணக்கம் சொன்னாள். மறுபடி துடைத்தாள். வாசலில் நின்ற அப்பாவை ஒருமுறை பார்த்தாள். அவர் சிரித்தார். அவள் திரும்பிக் குச்சிகளை எடுத்தாள்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கழுத்தில் விழுந்த மாலையின் சம்பங்கி வாசனையில் இருந்தேன்.

மூன்று தூளையும் ஒன்றன்பின் ஒன்றாக எரித்தாள். கடல்காற்று எழும்பி ஜன்னலை உலுக்கியது. தகட்டை இருட்டறையில் கழுவிக் கொண்டுவந்து, வெளிச்சத்துக்கு முன் வைத்து, உருப்பெருக்கியால் பார்த்தாள். பிறகு நாங்கள் பார்த்தோம். மூன்றிலும் ஸ்ட்ரான்சியம். மூன்றாவது குப்பியிலும். அதில் எதுவுமே இருக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். விதிப்படி நான் அதைச் சொல்லவேண்டும். சொன்னேன்.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ்வளவுதான்," என்றார்.

"சார், வெறும் குச்சியை ஒருதரம் எரிச்சுப் பாக்கணும்," என்றாள் பிலோமினா. "தூள் ஒண்ணும் வைக்காம."

அதை மறுக்க அவருக்கும் நியாயம் கிடைக்கவில்லை. வெறும் குச்சியை எரித்தாள். அந்தத் தகட்டை மட்டும் நெடுநேரம் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. தகட்டை எங்களிடம் நீட்டினாள். ஒன்றுமே வைக்காத குச்சியிலும் சிப்பியின் கோடுகள்.

"இது எங்க இருந்து வந்தது, பிள்ளை?" என்றேன்.

அவள் வாசலைப் பார்க்காமல் பதில் சொன்னாள். "சுவர்ல இருந்து சார். வெள்ளை அடிச்சது சிப்பிச் சுண்ணாம்பு. காத்துக்குப் பொடி உதிர்ந்து எல்லாத்துலயும் விழுது. துடைச்சாச் சரியாயிரும்னு நெனச்சேன். என் தப்புத்தான். முதல்லயே சொல்லியிருக்கணும்."

ஏன் சொல்லவில்லை என்று யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. வாசலில் சவரிமுத்துவின் முகம் அவர் ஜிப்பாவைவிட வெளுத்துப்போயிருந்தது. "நானா?" என்று மட்டும் கேட்டார். முதல்வர் கூரையைப் பார்த்தார்.

அவள் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும், "காரணம் சரியாக இருக்கலாம்," என்றார் பேராசிரியர். "ஆனால் காரணத்துக்குப் பரிசு கிடையாது. நாளை மாலை எனக்கு ரயில். அதற்குள் முடிந்தால் காட்டச் சொல்லுங்கள்."

அன்று மதியம் முதல்வர் வீட்டில் சீலா மீன் குழம்பு. எனக்கு இறங்கவில்லை. இதை என் மனைவியிடம் சொன்னபோது அவள் நம்பவேயில்லை.

அடுத்த நாள் நாங்கள் போனபோது ஆய்வுக்கூடத்துக்குள் ஒரு கூடாரம் நின்றது. வள்ளத்துக்குப் போடும் பாய்த்துணியைக் கருவியைச் சுற்றிக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சொட்டச் சொட்ட ஈரம், பறக்கும் பொடி அதிலேயே ஒட்டிக்கொள்ளட்டும் என்று. சவரிமுத்து ஜிப்பா இல்லாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியால் மேலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கடத்தண்ணிய மோந்து ஊத்தப் பாத்தேன் சார்," என்றார் என்னிடம். "உப்பும் கோடு போடுமாம்லா, மக வையுதா. நல்ல தண்ணிக்கு ஊரெல்லாம் அலைஞ்சு ரெண்டு டிரம் கொண்டாந்தேன்."

"அப்பா, பேசாம ஊத்துங்க," என்றது கூடாரத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

முதலில் வெறும் குச்சி. தகடு சுத்தமாக இருந்தது. பிறகு நான் வரிசை மாற்றிக் கொடுத்த மூன்று குப்பிகள். பிலோமினா உருப்பெருக்கியிலிருந்து நிமிர்ந்து, முதல் குப்பி ஆறு, இரண்டாவதில் சிப்பியே இல்லை, கடையில் வாங்கின சுத்தமான இரசாயனம், மூன்றாவது கடல் என்றாள். மூன்றும் சரி. எனக்குக் கை தட்டவேண்டும் போலிருந்தது. நடுவர் என்பதால் தலையை மட்டும் ஆட்டினேன்.

பேராசிரியர் ஒரே ஒரு சோதனை பாக்கி இருக்கிறது என்றார். அவர் முகத்தில் முதன்முதலாக ஒரு குறும்பு தெரிந்தது. பேனாக்கத்தியை எடுத்துச் சுவரைக் கொஞ்சம் சுரண்டி, பொடியைத் தாளில் ஏந்தி அவளிடம் கொடுத்தார்.

"நேற்று நம் எல்லோரையும் ஏமாற்றியது இதுதான். இதையும் பார்த்துவிடுங்கள். இது என்னவென்று நமக்கு முன்பே தெரியும். முத்துச் சிப்பி, வேறு எதுவும் இல்லை என்று உங்கள் தந்தையே சொல்லியிருக்கிறார். நீங்களும் அதையே சொன்னால் நான் கையெழுத்துப் போடுகிறேன்."

அவள் அந்தத் தாளை வாங்கவில்லை. "இது வேண்டாம் சார்," என்றாள்.

"ஏன்?"

"வேண்டாம்."

பேராசிரியரின் குறும்பு போய்விட்டது. பழைய சந்தேகம் வந்து உட்கார்ந்தது. "தெரிந்த பொருளைக்கூடச் சோதிக்கப் பயப்படுகிற முறையா இது?" என்று என்னைக் கேட்டார். பிலோமினா தாளை வாங்கிக்கொண்டு கூடாரத்துக்குள் போனாள்.

தகடு வந்தது. அவள் பார்த்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஸ்ட்ரான்சியம் இருந்தது. அதற்கு அப்பால், ஊதாப் பக்கத்தில், மூன்று கோடுகள் ஒட்டி நின்றன. மாங்கனீசு. மகாவலி மட்டியில் நின்ற அதே மூன்று கோடுகள்.

முந்தின நாள் வெறும் குச்சியின் தகட்டை அவ்வளவு நேரம் பார்த்து உதட்டைக் கடித்தது எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தத் தகட்டிலேயே இந்தக் கோடுகளை அவள் கண்டிருக்கிறாள்; ஸ்ட்ரான்சியத்தை மட்டும் தேடிய எங்கள் கண்ணில் அவை படவில்லை. முத்துச் சிப்பி என்று சொன்னால் பேராசிரியருக்குத் திருப்தி, அப்பாவுக்கும் மரியாதை, பரிசும் கைக்கு வரும். ஒரே ஒரு வார்த்தை. நானும் வாயைத் திறந்திருக்கமாட்டேன் என்றே நினைக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது.

பிலோமினா ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு வாசலில் ஈர வேட்டியோடு நின்றவருக்குக் கேட்கும்படி தமிழிலும் சொன்னாள்.

"இது தனி முத்துச் சிப்பி இல்ல சார். பாதிக்கு மேல ஆத்து மட்டி."

பேராசிரியர் தகட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "அப்படியானால் உங்கள் தந்தை சொன்னது பொய், அல்லது உங்கள் முறை பொய். செய்தவருக்குத் தெரியாதா எதில் செய்தார் என்று?" என்றார். முதல்வர் அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். நான்தான் சவரிமுத்துவிடம் சொன்னேன்.

சவரிமுத்து வாளியைக் கீழே வைத்தார். மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதல்வரைப் பார்த்தார். கல்லூரி முதல்வர் மாதா கோயில் திருவிழாக் குழுவிலும் இருப்பவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கோயிலுக்குச் சுண்ணாம்பு ஒப்பந்தம் கொடுக்கிறவரே அவர்தான்.

"அவ சொல்லுதது சரி," என்றார் சவரிமுத்து. "முத்துக்குளிப்பு நடந்தப்ப கரையில குவிஞ்ச சிப்பிய வாங்கிப் போட்டேன். அது தீந்து போச்சு. ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் ஆத்துல அள்ளுத மட்டியக் கலந்துதான் சுடுதேன். வெள்ளையில வித்தியாசம் தெரியாது. யாருக்கும் தெரியாது. கோயிலுக்கும் அதான் குடுத்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "இவகிட்டயும் சொல்லல. இந்த வெளக்க வச்சு இதெல்லாம் கண்டுபிடிப்பான்னு நான் கண்டேனா."

நான் மொழிபெயர்த்தேன். கோயில் விஷயத்தை விட்டுவிடலாமா என்று பார்த்தேன். முதல்வர் கேட்டுக்கொண்டுதானே நிற்கிறார், விட்டு என்ன பயன். முழுதாகவே சொன்னேன்.

பேராசிரியர் தன் கோட்டின் தோளைப் பார்த்தார். முந்தின நாள் அப்பிய வெள்ளை இன்னும் முழுதாகப் போகவில்லை. "அப்படியானால் இதில் பாதி ஆறு," என்றார். சவரிமுத்துவிடம் போய்க் கையை நீட்டினார். சவரிமுத்து தன் கையை வேட்டியில் துடைத்துவிட்டுக் கொடுத்தார். கையெழுத்து அங்கேயே, அந்த ஈர மேசையில் ஆனது. அதற்குப் பிறகுதான் பிலோமினா அழுதாள். சவரிமுத்து, "ஏளா, எதுக்கு இப்ப அழுத? செயிச்சுட்டல்லா," என்று அதட்டினார்.

மாலையில் பேராசிரியரை ரயில் ஏற்றிவிட்டு நான் பேருந்து நிலையத்துக்குப் போனேன். கிளம்புவதற்கு முன் சவரிமுத்து தேடிக்கொண்டு வந்தார். ஒரு பெட்டி மக்ரூன், ஒரு சின்னத் தகர டப்பாவில் சுண்ணாம்பு. "வெத்தலைக்கு," என்றார். "இதுல பாதி மட்டி. சொல்லிட்டேன்."

கோயில் வேலை என்ன ஆகும் என்று கேட்டேன்.

"போவும். முதல்வர் ஐயா முகத்தப் பாத்தேம்லா. போட்டும்." பேருந்து உறுமத் தொடங்கியது. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கிட்டே வந்தார்.

"சார், அந்தப் பரிசுப் பத்திரத்துல அவ பேர் போடுவீயள்லா?"

"போடுவம்."

"பேருக்கு முன்னால என் எழுத்து வருமா?"

தகப்பன் பெயரின் முதல் எழுத்தைத்தான் கேட்கிறார் என்று புரிய எனக்கு ஒரு கணம் ஆயிற்று. சென்னையில் அச்சாகப்போகும் தாளில் என்ன போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் போட வைப்பேன் என்று எனக்குத் தெரியும்.

"வரும் அண்ணாச்சி," என்றேன்.

"அப்ப சரி," என்றார். பேருந்து திரும்பும்வரை அங்கேயே நின்றார்.